இரண்டாம் மாடி வூட்டுக்காரர்

“உங்க வூட்டுக்காரரு அப்பவே மேல போயிட்டாரும்மா. சாவி அவராண்ட தான் கீது.”

மழையில் நனைந்து நின்ற ஜெனிட்டாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்குத்தான் கல்யாணமே ஆகவில்லையே!

வரவேற்பு மேசையில் இருந்த கல்யாணியிடம் மேலே எதுவும் கேட்காமல், இரண்டாம் மாடிக்கு ஓடினாள். செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கும் பஸ் நிலையத்துக்கும் நடுவில், சில நாளுக்கு அவள் வாடகைக்கு எடுத்திருந்த எளிய சர்வீஸ் அபார்ட்மென்ட். ஒரு படுக்கையறை, ஒரு குட்டிச் சமையலறை... அந்தச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் ஒருவன் படுத்துக் கிடந்தான்.

“யாரு நீங்க?”

பதறி எழுந்தவன் தலையை இடித்துக்கொண்டான். இமையெல்லாம் தண்ணீர். அதற்குள்ளிருந்து மிரண்டு பார்த்த கண்கள்... திட்ட நினைத்தவள் அவற்றையே பார்த்து நின்றாள்.

“ஹேமந்த். ஊரப்பாக்கத்துலேர்ந்து வரேன். கொழாய் ஒழுகுதுன்னாங்க... நான் வூட்டுக்காரன்ங்க.”

“யாருக்கு?”

“ஐயோ! இந்த ஃப்ளாட்டுக்குங்க!”

சிரிப்பை அடக்கும்போது செல்போன் அடித்தது. நாகர்கோவிலிலிருந்து அம்மா. அவள் ‘ஹலோ’ சொல்வதற்குள் துண்டுடன் வந்த கல்யாணி உரக்கச் சொன்னாள்: “உங்க வூட்டுக்காரரு தலை சொட்டுதும்மா, தொவட்டிக்கச் சொல்லு!”

மறுமுனையில் போன் கை மாறியது. பிறகு அப்பாவின் குரல். “யாருட்டி அது? வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நாளைக்கே ரயிலேறு!”

நாளைக்குத்தான் பொத்தேரியில் நேர்முகத் தேர்வு. கல்லூரி விரிவுரையாளர் வேலை. தனியாகப் போய் வருகிறேன் என்று வீட்டில் ஒரு மாதம் சண்டை போட்டு வாங்கிய பயணம்.

“குடுங்க, நான் பேசி புரிய வெக்கிறேன்” என்று கை நீட்டினான் ஹேமந்த்.

“வேண்டாம். இன்னிக்கு எனக்காக நீங்க பேசினா, இனிமே எல்லாத்துக்கும் ஒரு ஆம்பளை வந்து பேசணும்.”

அவன் கை தானாக இறங்கியது.

“அப்பா... அவரு இந்த வீட்டுக்குத்தான் ஓனரு. எனக்கு ஓனரு கெடையாது. இன்டர்வியூ முடிச்சிட்டுதான் வருவேன்.”

அப்பா இணைப்பைத் துண்டித்தார். அவள் கண்கள் நிறைந்தன. ஆனால் ஒரு சொட்டும் விழவில்லை. இப்படி ஒரு பெண்ணா... என்று பார்த்துக்கொண்டே நின்றான் ஹேமந்த்.

மறுநாள் மாலை பொத்தேரியிலிருந்து திரும்பியபோது ஹேமந்த் குழாய்க்குப் போடும் வாஷரோடு வரவேற்பு மேசையருகே நின்றிருந்தான்.

“ஒரு கொழாய்க்கு எத்தினி தபா வருவே அண்ணாத்த?” என்றாள் கல்யாணி.

அவன் காது சிவந்தது. ஜெனிட்டா சிரித்தாள். “வேலை கெடச்சிருச்சு!” முதலில் அவனிடம்தான் சொல்லியிருக்கிறோம் என்பது பிறகுதான் உறைத்தது.

வீட்டுக்குப் போன் செய்தபோது அப்பா பேசவே இல்லை. “ஹாஸ்டல் உண்டுமான்னு கேக்கச் சொன்னாரு” என்று அம்மா ரகசியமாகச் சொன்னாள். அது போதும்.

ஊருக்குத் திரும்பும் முன் மாமல்லபுரம் பார்க்கக் கிளம்பினாள்.

“நானும் வரட்டுமா?” என்றான் ஹேமந்த்.

“பஸ் எல்லாருக்கும் பொதுதானே?”

கடற்கரைக் கோயிலைத் தாண்டி, ஈர மணலில் நடந்தார்கள். மேகம் கறுத்து, காற்று அவள் துப்பட்டாவை இழுத்தது. அவன் எதையோ சொல்ல வந்து, விழுங்கி, மறுபடி...

“உங்கப்பா கோவம் ஆறட்டும். எங்க வூட்டுப் பெரியவங்கள வெச்சு அவராண்ட...”

“அப்பாகிட்ட எப்ப, எப்படின்னு நான் பாத்துக்கறேன். எங்கிட்ட இன்னும் ஒண்ணுமே கேக்கலையே நீங்க?”

அவன் நின்று அவள் பக்கம் திரும்பினான். “கேக்கலாமா?”

“கேளுங்க.”

“என்னைப்... பிடிச்சிருக்கா ஜெனிட்டா?”

அவள் தலை குனியவில்லை. அந்தக் கண்களை நேராகப் பார்த்தாள்.

“பிடிச்சிருக்கு.”

சொல்லி முடித்த பிறகுதான் வெட்கம் வந்தது. கடலைப் பார்ப்பது போல் சட்டென்று திரும்பிக்கொண்டாள்.