ஃபெர்மினின் முடிச்சு

மதிப்புக்குரிய திருமதி எச்செவேரி அவர்களுக்கு,

ஜூன் மூன்றாம் தேதி மாலை உங்கள் மேய்ச்சல் நிலத்து ஓடைக்கரையில் இருந்தவர்கள் மூன்று பேர். ஓடைக்கு முதுகு காட்டி ஹார்லன். அவனுக்கு எதிரே, மூட்டை கழற்றாத சைக்கிளில் சாய்ந்தபடி அவன் மனைவி டெஸ். அடுப்புக்குத் தெற்கே நான். என் இடப்பக்கம் யாரும் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் மே மாதம் சைக்கிளில் உங்கள் நிலத்தைக் கடந்தபோதும் வந்தது நாங்கள் மூவர்தான். முதல் கம்பிப் படலிலேயே உங்கள் கணவர் ஃபெர்மின் நின்றிருந்தார். "நீ போம்மா, நான் சாத்திக்கறேன்" என்று சொல்லி, ஆரஞ்சு நிறக் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி மேலே ஒரு கண்ணி போட்டார்.

முதலில் போகிறவர் படலைத் திறப்பதும் கடைசியில் வருகிறவர் சாத்துவதும் உங்கள் பக்கத்து வழக்கம். அடுத்து வந்த ஓடைமேட்டுப் படலில் எனக்குப் பின்னால் புழுதி தெரிந்தது. ஹார்லன் வருகிறான் என்று நினைத்துத் திறந்தபடியே விட்டுப் போனேன். அவனோ குறுக்குவழியில் எனக்கு முன்பே போயிருந்தான். நான் பார்த்தது வெறும் சுழற்காற்று.

அன்று மாலை மழையில் மாடுகள் வெளியேறின. அவற்றை மடக்கி உள்ளே விட்டுப் படலைச் சாத்தப் போன ஃபெர்மினை ஓடை வெள்ளம் கொண்டுபோனது. படலைக் கட்டிய கயிறு காற்றில் கழன்றிருக்கும் என்றார்கள். நீங்களும் நம்பினீர்கள். கிறிஸ்துமஸுக்கு எனக்குப் பாலாடைக்கட்டி அனுப்பினீர்கள். என்னால் அதைத் தின்ன முடியவில்லை. வாய் திறந்து உண்மையைச் சொல்லவும் முடியவில்லை.

இந்த வருடம் மூவரில் கடைசி ஆளாக வருகிறேன் என்று நானே கேட்டுக்கொண்டேன். அந்த ஓடைமேட்டுப் படலை என் கையால் சாத்த வேண்டும் என்றிருந்தது.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று வாரமாக மழை இல்லை. புதர்களிலிருந்து கற்பூரம் போல ஒரு வாசனை. சைக்கிளைக் கிடத்திவிட்டுப் படலின் கம்பத்தைப் பிடித்து இழுத்தேன்.

வாசனை மாறியது. சேற்று வாசனை.

எனக்குப் பின்னால், காய்ந்த மண்ணில், தண்ணீர் நிறைந்த பூட்ஸ் நடந்து வந்தது. சளக். சளக்.

நின்றது.

"நீ போம்மா. நான் சாத்திக்கறேன்."

கம்பத்தை விட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

ஓடைக்கரைக்கு வந்தபோது ஹார்லன் பீன்ஸ் கிண்டிக்கொண்டிருந்தான். "என்ன நொரீன், காளை தொரத்துச்சா?"

"அவளை விடு, நீ அடிபிடிக்காமக் கிண்டு. போன தடவை நீ கருக்குனது இன்னும் என் பல்லுலயே இருக்கு" என்ற டெஸ் என் பக்கம் திரும்பினாள். "படலைச் சாத்தினியா?"

"சாத்தியாச்சு."

மறுபடியும் பொய்.

டெஸ் மூன்று குவளைகளில் காப்பி ஊற்றிவிட்டு நான்காவதைத் தேடினாள். பிறகு எங்களை எண்ணிப் பார்த்துத் தானே சிரித்தாள். "எனக்கென்ன ஆச்சு? நாலு பேர்னே நெனச்சுட்டேன்."

என் இடப்பக்கத்து மணல் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு ஆள் உட்காரும் அகலத்துக்கு ஈரம்.

ஹார்லனும் அதைப் பார்த்தான். "ஊத்து எதுவும் கெளம்புதா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

விடிந்ததும் தனியாகப் படலுக்கு நடந்தேன். சாத்தியிருந்தது. ஆரஞ்சுக் கயிறு, இரண்டு சுற்று, மேலே கண்ணி.

கயிறு சொட்டிக்கொண்டிருந்தது.

போன வருடம் அந்தப் படலைத் திறந்து விட்டவள் நான். காற்று அல்ல. உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, அதனால் எழுதுகிறேன். இனி உங்கள் நிலத்தில் கால் வைக்காதே என்றால் வைக்கமாட்டேன்.

இப்படிக்கு,
நொரீன் ப்ராட்

உறையை ஒட்டிய பிறகு அதன் பின்பக்கத்தில் எழுதுகிறேன். தபால் பெட்டி சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. காலையில் நான் திறந்து வைத்த என் வேலிக் கதவு இப்போது சாத்தியிருக்கிறது. ஆரஞ்சுக் கயிறு. இரண்டு சுற்று. என் வீட்டில் அப்படிக் கயிறே கிடையாது.

தபால் வண்டி வரும் நேரம். ஈர முடிச்சை அவிழ்த்துவிட்டேன். கடிதம் இன்றே போய்விடும்.

நான் வெளியே போனதும் கதவைச் சாத்துவதற்கு, பின்னால் ஒருவர் காத்து நிற்கிறார்.