பொம்முலு நாயக்கரின் துப்பாக்கி உறை

தென்பாண்டிச் சீமையின் தலைவிதியைப் புரட்டிப்போட்டதும், நதிகளைத் திகைக்கவும் மலைகளைத் தலைகுனியவும் செய்ததுமான மகத்தான செய்தி ஒன்றை இங்கே வெளியிட இருக்கிறோம். ஆகவே வாசக அன்பர்கள் வாயிலுள்ள வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்ந்து உட்கார வேண்டுகிறோம். செய்தி இதுதான்: கருவேலங்கோட்டைப் பாளையக்காரர் தமது கைத்துப்பாக்கிக்குத் தோலில் ஓர் உறை தைத்துக்கொள்ளத் தீர்மானித்தார்.

அந்தி மயங்கும் அவ்வேளையில் வளர்பிறை நிலா ஆற்று நீரில் வெள்ளியை உருக்கி ஊற்றிக்கொண்டிருந்தது. நாணற்புதர்கள் தென்றலுக்குத் தலையசைக்க, கருங்கல் மதிலின் கொத்தளங்கள் வானத்தை முட்டிக்கொண்டு நின்றன. கோட்டை லாயத்தில், குதிரைச் சாணத்தின் நடுவே நின்ற இளையபெருமாளுக்கு இந்த அழகு எதுவும் கண்ணில் படவில்லை. உறையைத் தைக்க வேண்டியவன் அவன்தான்.

இளையபெருமாள் அண்டைப் பாளையமான மாவலியூரின் ஒற்றன். பீரங்கிகளையும் காவலையும் வேவு பார்ப்பதற்காக, சேணம் தைக்கிறவன் என்று சொல்லிக்கொண்டு கோட்டைக்குள் நுழைந்திருந்தான். அரண்மனைச் சேணக்காரர் பழனிக்குக் காவடி எடுத்துப் போயிருந்ததால் வேலை உடனே கிடைத்துவிட்டது. கிடைத்த வேலையைச் செய்யவும் வேண்டியிருக்கும் என்பதை அவனும் யோசிக்கவில்லை, அவனை அனுப்பிய மந்திரியும் யோசிக்கவில்லை. கிழிந்த வேட்டியைக்கூட அவன் தைத்தறியான்.

"கேளும் சேணக்காரரே!" என்றார் பாளையக்காரர், சமரகேசரி, கண்டீரவ, மும்முரசுடைய பொம்முலு நாயக்கர். "ஒல்லாந்து வணிகன் நமக்குக் காணிக்கையாகத் தந்த ஆயுதம் இது. குதிரைமேல் போனால் குலுங்கக் கூடாது. நாம் குனிந்தால் நழுவக் கூடாது. பௌர்ணமி தர்பாரில் நமது இடுப்பில் இருக்க வேண்டும். அதுவரை லாயத்தை விட்டு நீர் வெளியே போகக் கூடாது."

நழுவக் கூடாது என்று அவர் அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. போன தர்பாரில் அதை இடுப்புக் கச்சையில் செருகிக்கொண்டு அவர் வீரவுரை ஆற்றியபோது, துப்பாக்கி மெல்ல வேட்டிக்குள் இறங்கி, தொடையைத் தாண்டி, முழங்காலில் தங்கி, உரையின் உச்சகட்டத்தில் காலடியில் வந்து விழுந்தது. சபை சிரிக்கவில்லை. சபையோர் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் இருமல் வந்தது.

லாயத்து வாசலில் காவல் போடப்பட்டது. ஒற்றனென்று தெரிந்தால் யானைக் காலால் இடறச் செய்வது அக்கோட்டையின் சம்பிரதாயம்; யானை செத்துப்போனதிலிருந்து கழுமரம். இளையபெருமாள் குத்தூசியைக் கையில் எடுத்தான்.

முதலில் துப்பாக்கியை வாழையிலைமேல் வைத்துக் கரியால் சுற்றிக் கோடு இழுத்து, கோட்டின்படி இலையை வெட்டிக்கொண்டான். இவ்வளவுதானா சேணக்காரத் தொழில் என்று சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது. மறுநாள் அந்த இலையைத் தோல்மேல் பரப்பி அளவெடுத்து வெட்டினான். இலை வாடிச் சுருங்கியிருந்ததை அவன் கவனிக்கவில்லை. வெட்டிய தோலில் பாளையக்காரரின் மூக்குப்பொடி டப்பா தாராளமாக நுழையும், துப்பாக்கி நுழையாது.

இரண்டாவது தோலை வெட்டித் தைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் வளையொலி கேட்டது. பாளையக்காரரின் சகோதரி மகள் குஞ்சரத்தம்மாள் நின்றிருந்தாள். லாயமும் குதிரைகளும் அவள் பொறுப்பு. அவள் விழிகளைக் கயலென்றும், இடையைக் கொடியென்றும் வருணிக்க எமக்கும் ஆசைதான்; ஆனால் அவள் கையில் கொள்ளுக் கூடை இருந்தது, அவசரத்திலும் இருந்தாள்.

"ஓய், சேணக்காரரே! குத்தூசியை நீர் பிடிக்கிற பிடியைப் பார்த்தால் தோல் தைக்கிற மாதிரியில்லை, யாரையோ குத்தப் போகிற மாதிரியல்லவா இருக்கிறது?"

"எங்கள் ஊர் வழக்கம் அப்படி, அம்மணி."

"எந்த ஊரோ?"

"வடக்கே..."

"வடக்கே என்றொரு ஊரா? அது போகட்டும். உம்முடைய மேல்துண்டையும் சேர்த்துத் தைத்திருக்கிறீரே, அதுவும் உங்கள் ஊர் வழக்கம்தானா? உறையோடு உம்மையும் மாமா இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்!"

இளையபெருமாள் குனிந்து பார்த்தான். துண்டின் முனை உறைக்குள் போய் மறுபுறம் எட்டிப் பார்த்தது. அந்தக் கணத்தில் அவன் உள்ளத்தில் காதல் பிறந்தது. ஏன் பிறந்தது என்று கேட்காதீர்கள். இம்மாதிரிக் கதைகளில் அந்த இடத்தில் அது பிறந்தாக வேண்டும்.

"தைக்கத் தெரியாத சேணக்காரரை அனுப்ப மாவலியூரை விட்டால் யார்? நீர் அவர்கள் ஒற்றர், அப்படித்தானே?" என்றாள் அவள், குதிரைக்குக் கொள்ளு வைத்தபடியே.

அவன் கைகூப்பினான். "என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறீர்களா, தேவி?"

"இப்போது மாட்டேன். துப்பாக்கி வேட்டிக்குள் விழுந்த நாளிலிருந்து மாமா எங்களைப் படுத்துகிற பாடு தாங்க முடியவில்லை. உறை அவர் இடுப்பில் ஏறட்டும். ஏறினதும் சொல்லிவிடுவேன். இது என் சத்தியம்."

"அப்புறம் என் உயிர்?"

"அது உம்முடைய பாடு. எப்போது முடிப்பீர், அதைச் சொல்லும்."

துண்டைப் பிரித்தெடுத்து மறுபடியும் தைத்தான். இம்முறை உறை சற்று இறுக்கம். தோலை நீரில் ஊறவைத்து, இளகியதும் துப்பாக்கியை உள்ளே திணித்து, விரல் நகத்தால் தேய்த்துத் தேய்த்து வடிவம் வரச் செய்தான். ஈரத்தோல் துப்பாக்கியின் ஒவ்வொரு வளைவையும் அப்படியே எடுத்துக்காட்டியது. தன் கையால் இப்படியொன்று உருவாகுமென்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. கழுமரம்கூடச் சற்று நேரம் மறந்துபோயிற்று.

"வெளியே வெயிலில் வையும்" என்றாள் குஞ்சரத்தம்மாள், மூக்கைப் பொத்திக்கொண்டு.

வைத்தான். துப்பாக்கியை உள்ளே விட்டபடியே வைத்தான்.

பௌர்ணமியன்று அந்திப் பொழுதில் தர்பார் கூடிற்று. உறை பாளையக்காரரின் இடுப்பில் கம்பீரமாக வீற்றிருந்தது; தைத்தவனும் எதிரே நின்றான். அவர் குதித்துப் பார்த்தார், குலுங்கவில்லை. குனிந்து பார்த்தார், நழுவவில்லை. "பலே!" என்று அவர் வாய் திறந்த அதே சமயம் குஞ்சரத்தம்மாள் எழுந்தாள்.

"மாமா, இந்தச் சேணக்காரர் மாவலியூர் ஒற்றர்."

சொன்ன சொல் தவறாதவள்.

"அடே துரோகி!" என்று சிங்கமெனக் கர்ஜித்த பாளையக்காரரின் வலக்கரம் மின்னலாய்ப் பாய்ந்து துப்பாக்கியின் பிடியைப் பற்றி இழுத்தது. வெயிலில் காய்ந்து கல்லாய் இறுகியிருந்த தோல், உள்ளிருந்ததை விடவில்லை. மறுபடி இழுத்தார். இடைவார் அக்குள்வரை ஏறியதே தவிர துப்பாக்கி வரவில்லை. இரு கைகளாலும் இழுத்தார். தம்மையே ஒரு சுற்றுச் சுற்றினார்.

"மகாராசா, கொஞ்சம் அசையாம நில்லுங்க!" என்று ஓடிவந்தான் காவல் தலைவன்.

"அவனைப் பிடிங்கடா!"

"பிடிக்கிறோம் மகாராசா, மொதல்ல இதைப் பிடுங்கிருவோம். டேய், நீ உறையைப் பிடி, நான் பிடியைப் பிடிக்கேன்!"

எசமானுக்கு உதவுவது முதற்கடமை அல்லவா? வாசற்காவலனும் ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு இழுக்க வந்தான். திறந்து கிடந்த வாசல் வழியாக இளையபெருமாள் பாய்ந்தான், லாயத்துக் குதிரை ஒன்றில் தாவினான், நிலவில் மின்னிய ஆற்றைக் கடந்து அக்கரை மணலில் நின்று திரும்பிப் பார்த்தான். மதிலின்மேல் குஞ்சரத்தம்மாள் தெரிந்தாள்.

"தேவி!" என்று கூவினான். "வெயிலில் வைக்கச் சொன்னதன் மர்மம் இப்போதல்லவா விளங்குகிறது! என் உயிரைக் காப்பாற்றினீர்கள்! இந்த நதி சாட்சி, அந்த நிலா சாட்சி! மாலையோடு வந்து உங்கள் கரம் பற்றுவேன், இது ஆணை!"

"தோல் நாறித் தொலைத்தது, அதனால் சொன்னேன்!" என்று மதில்மேலிருந்து பதில் வந்தது. "அந்தக் குதிரைக்கு இடது முன்னங்காலில் லாடம் ஆடுகிறது, பார்த்து ஓட்டும்!"

அவள் குரலில் கனிவு இருந்ததாகவே அவன் நம்பினான்.

ஐப்பசியில் அவளுக்கு அத்தை மகனோடு கல்யாணம் நடந்தது.