முடக்கி வைத்த பெயர்

"ஹலோ... அது என் இடம்!"

குனிந்திருந்த வில்யா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். மழையில் நனைந்த மரங்களுக்கு நடுவே ஒருவன் நின்றிருந்தான். கையில் கூடை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தாடி முழுக்க மழைத்துளி... அந்தச் சாம்பல் நிறக் கண்கள் மட்டும் கோபத்திலும் அழகாக இருந்து தொலைத்தன!

"உங்க பேரை எழுதி ஒட்டியிருக்கா?" என்றாள் வெடுக்கென்று.

எங்கள் பின்லாந்தில் ஒருவரிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்கலாம். யாரைக் கட்டிக்கொண்டாய், ஏன் விட்டுவிட்டாய் என்றுகூடக் கேட்கலாம். கந்தரெல்லிக் காளான் எங்கே பறித்தாய் என்று மட்டும் கேட்கக் கூடாது. லோஹ்யா காட்டின் இந்தச் சரிவை வில்யா கூடப்பிறந்த தங்கையிடம்கூடச் சொன்னதில்லை. அப்பேர்ப்பட்ட இடத்தில் இவன் யார், முன்பின் தெரியாதவன்?

மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. ஒதுங்குவதற்கு அடர்த்தியாக இருந்தது ஒரே ஒரு மரம். இருவரும் முறைத்துக்கொண்டே அதனடியில் போய் நின்றார்கள்...

"காபி?" பிளாஸ்க்கை நீட்டினான். "சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். நான் ஓட்சோ."

"வில்யா." சிரிக்கக் கூடாது என்று நினைத்தாள். சிரித்துவிட்டாள். "நான் பாட்டுக்கு வந்து போயிட்டிருந்தேன். நீங்க எங்கிருந்து முளைச்சீங்க, காளான் மாதிரி?"

அவன் சிரிக்கவில்லை. "வில்யாவா? இணையத்துல அந்தக் காளான் மன்றத்தை நடத்துற வில்யாவா?"

"ஆமா... ஏன்?"

"என்னை அங்கிருந்து கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளின மகராசி நீங்கதானா!"

அவளுக்குக் காபி புரையேறியது. அந்த ஓட்சோ! வருகிறவர்களையெல்லாம் 'படத்தைப் போட்டுட்டு சாப்பிடலாமான்னு மட்டும் கேட்காதீங்க, வர்ணிச்சு எழுதுங்க' என்று விரட்டிய அந்தச் சிடுமூஞ்சி!

"புதுசா வந்தவங்க உங்களுக்குப் பயந்து ஓடினாங்க சார். வேற என்ன செய்யறது?"

"எங்க யூஸ்நெட்டுல, அந்தப் பழைய இணையக் கடிதக் குழுவுல, யாரையும் யாரும் துரத்த முடியாது. பிடிக்கலையா, அவங்க பேரை நம்ம கம்ப்யூட்டர்ல முடக்கிக்கலாம். நம்ம காதை நாமளே பொத்திக்கிறது. உங்க பேரையும் அன்னிக்கே முடக்கிட்டேன். நீங்க எங்க எழுதினாலும் என் கண்ணுல படாது."

"ரொம்பப் பெருமைதான்! அந்த அரதப்பழசுக் குழுவுல ஒரு ஈ காக்கா உண்டா?"

"கொஞ்சப் பேர்தான். ஆனா முதலாளின்னு ஒருத்தன் கிடையாது. என் வீட்டு மெஷின்லயும் ஓடுது, நார்வேயிலும் ஓடுது, எஸ்டோனியாவிலும் ஓடுது. ஒண்ணு படுத்தாலும் மத்ததுல எல்லாம் இருக்கும். உங்களுது? கம்பெனிக்காரன் பூட்டினா போச்சு."

சுருக்கென்று தைத்தது. பூட்டத்தான் போகிறார்கள்! மன்றத்தை வைத்திருக்கும் நிறுவனம் இந்த வாரம்தான் கடிதம் அனுப்பியிருந்தது. மாதக் கடைசியோடு மூடல். எந்தக் காட்டில் எந்த விஷக்காளான் நல்ல காளான் வேஷம் போடும் என்று ஜனங்கள் எழுதி எழுதிச் சேர்த்ததெல்லாம் அதோடு அழியும். இதை இவனிடம் சொல்வதா? செத்தாலும் மாட்டாள்.

"போன வருஷம் ஒரு அம்மா பதறிப் போய்ப் படம் போட்டாங்க," என்றாள். "குழந்தை கடிச்சிடுச்சுன்னு. பாத்த உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொன்னோம். பிழைச்சுது. உங்க குழுவுல வர்ணிச்சு முடிக்கறதுக்குள்ள என்ன ஆகியிருக்கும்?"

அவள் கூடையை எடுத்துக்கொண்டு கொட்டும் மழையில் இறங்கி நடந்தாள். 'ஏன்டி அழறே? அவன் யாரோ!' என்று தன்னையே திட்டிக்கொண்டாள்...

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள். வேறு வழி தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பழைய குழுவில் எழுதினாள்: 'எங்கள் மன்றம் அழியப் போகிறது. பதிவுகளை இங்கே கொண்டுவர யாராவது உதவுங்கள்.'

ஆறுதல் சொன்னார்கள். ஆனால் அத்தனையையும் ஏற்றத் தெரிந்தவன் ஓட்சோ ஒருவன்தான் என்றார்கள். அவன் கண்ணில்தான் இவள் எழுத்து படாதே! வேறு பெயரில் எழுதியிருந்தால் படித்திருப்பான். வில்யா எதற்குப் பெயரை மாற்ற வேண்டும்? வீம்பு... தலைக்கு மேல் வெள்ளம் போகும்போதும் வீம்பு!

காப்பாற்றியது அந்தக் குழுவில் இருந்த, ஓலு நகரத்து ஹில்கா. யூஸ்நெட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்குப் பதில் எழுதினாலும் அவர்கள் எழுதிய வரிகளை எடுத்துப் போட்டு, அதன் கீழேதான் நம் பதிலை எழுத வேண்டும். ஹில்கா அப்படியே செய்தாள். ஓட்சோ முடக்கியது வில்யாவின் பெயரைத்தான், ஹில்காவின் பெயரை இல்லையே! ஹில்காவின் கடிதத்துக்குள் உட்கார்ந்துகொண்டு வில்யாவின் வரிகள் நேராக அவன் முன்னால் போய் நின்றன.

அன்று மாலையே குழுவில், எல்லோர் முன்னிலையிலும், அவன் எழுதினான்: 'இந்தப் பெண்ணின் பெயரை நான் முடக்கி வைத்திருந்தேன். முட்டாள்தனம். இன்று எடுத்துவிட்டேன். வில்யா, என் வீட்டுக்கு வாருங்கள். ஒரு பதிவுகூட விடாமல் கொண்டுவருவோம்.'

படித்தவளுக்குக் கண் கலங்கியது. உடனே தன் மன்றத்தைத் திறந்து அவன் மீதிருந்த தடையை நீக்கினாள். மூடப்போகிற வீட்டுக்கு வரவேற்பு!

அதற்குப் பிறகு நடந்ததைத் திருவிழா என்றுதான் சொல்ல வேண்டும். தினமும் வில்யா அவன் வீட்டுக்கு வந்தாள்; எழுத்தை ஓட்சோ ஏற்றினான். படம்தான் அங்கே ஏறாது. வில்யா கேட்டுக்கொண்டதும் உறுப்பினர்கள் ஆளுக்கு ஆள் தங்கள் படங்களை வார்த்தையில் வர்ணித்து அனுப்பினார்கள். எஸ்டோனியாவில் அந்தக் குழுவை ஓட்டுபவர்கூட ஒரு கை கொடுத்தார்.

"ஏலக்காய் ரொட்டி சாப்பிடு," என்று தட்டை நகர்த்தினான் ஓட்சோ. எப்போது 'நீ'க்கு வந்தார்கள் என்று இருவருக்கும் தெரியாது. "படத்துக்குன்னு தனியா ஒரு சின்னப் பக்கமும் போட்டுட்டேன். அவசரத்துக்கு வேணும். அன்னிக்கு நீ சொன்னது நியாயம்தான்."

"அடேயப்பா! நீயா பேசறது? மழை வரப்போகுது."

"அதான் தினமும் வருதே..."

மாதக் கடைசி நாள் மதியம், மன்றத்தின் பக்கம் வெள்ளையாகிப் போனது. ஓட்சோ தன் திரையைத் திருப்பிக் காட்டினான். எல்லாம் இருந்தது! அத்தனை பேரின் அத்தனை வருஷமும்! ஓலுவிலிருந்து, நார்வேயிலிருந்து, 'வந்து சேர்ந்தது... வந்து சேர்ந்தது!' என்று கடிதம் மேல் கடிதம் வந்து விழுந்தது. இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கத்தினார்கள். கட்டிக்கொண்டார்கள். சட்டென்று வெட்கப்பட்டு விலகி, ஆளுக்கொரு கணினி முன் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

ஜன்னலில் மழை... அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைதான் முடிந்துவிட்டதே, நாளைக்கு எந்தச் சாக்கில் வருவது? விரல்கள் தாமாகத் தட்டின. குழுவுக்கு அனுப்பிவிட்டாள்.

அவன் திரையில் புதுக் கடிதம் விழுந்தது.

'ஓட்சோ என்று ஒரு பிடிவாதக்காரன் இங்கே இருக்கிறான். ஒருநாள் கோபத்தில் அவனைத் துரத்தினேன். இன்று அவனை விட்டுப் போக எனக்கு மனமில்லை. அவனைக் காதலிக்கிறேன். வில்யா.'

ஓட்சோ மெல்லத் திரும்பினான். காதுமடல் இரண்டும் சிவந்திருந்தன.

"வில்யா... இது உன் மன்றம் இல்ல. அனுப்பினா அனுப்பினதுதான், அழிக்க முடியாது. இந்நேரம் நார்வே வரைக்கும் போயிருக்கும்."

"பிறத்தியார் எழுதினதை அழிக்கிறதே வேலையா இருந்தவ நான். எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் அனுப்பினேன்."

அவன் கை விசைப்பலகையைத் தேடியது.

"எழுதி... எழுதிச் சொல்லட்டுமா?"

"கூடாது. என்னைப் பார்த்து, வாயால சொல்லு."

எழுந்து வந்து அவள் முன்னால் மண்டியிட்டான். அந்தச் சாம்பல் நிறக் கண்கள் நிரம்பியிருந்தன.

"நானும்தான் வில்யா... மரத்தடியில என்னை எதிர்த்துப் பேசிட்டு மழையில இறங்கிப் போனியே... அப்பவே உன் பின்னால ஓடி வந்திருக்கணும்."