வாஷ்பேசின் பக்கத்தில் ஒரு பொய்

“மேடம்... ஷாக் அடிக்குமா?”

தலையில் ஒட்டியிருந்த பசையைக் கழுவிவிட்டு, கிளினிக் வாஷ்பேசின் முன்னால் அவசரமாய்க் கொண்டை போட்டுக்கொண்டிருந்தவள் திரும்பினாள். வெளியே நல்ல மழை. சொட்டச் சொட்ட நனைந்து ஒருவன் நின்றான். சட்டைப் பையில் டெஸ்டர், முகத்தில் திகில். அந்தக் கண்கள் மட்டும்... அப்பப்பா, பல நாள் தூங்காத கண்களுக்கு இவ்வளவு அழகு ஆகாது!

அவளுடைய பஸ் டிரைவர் யூனிஃபார்மைப் பார்த்து, கிளினிக்கில் வேலை செய்பவள் என்று நினைத்துவிட்டான். ‘நானும் பேஷண்ட்தான்’ என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. பிரேக் பிடிக்காமல் போன அந்த நாளிலிருந்து தூக்கம் தொலைத்து, டிப்போவில் மேசை வேலைக்கு மாற்றப்பட்டவள் என்பதை இந்தக் கண்களிடம் எப்படிச் சொல்வது?

“எலெக்ட்ரீஷியன் நீங்க... ஷாக்குக்குப் பயப்படுறீங்களா?”

“ஒரு தடவை வாங்கிப் பாருங்க மேடம், அப்புறம் பேசுங்க! அதுலேருந்துதான் தூக்கமே போச்சு. என் தங்கச்சிதான் கழுத்தப் பிடிச்சுத் தள்ளாத குறையா அனுப்பிவெச்சா.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொய்யும் அப்படியே நிலைத்துவிட்டது.

“நியூரோஃபீட்பேக்ல கரண்ட் எதுவும் உள்ள போகாது. பட்டன் மாதிரி நாலஞ்சு சென்சாரைத் தலையில பசை வெச்சு ஒட்டுவாங்க. உங்க மூளை என்ன பண்ணுதுன்னு மெஷின் பாத்துக்கிட்டு இருக்கும். எதிர்ல ஒரு படம் ஓடும். மனசு அமைதியா இருந்தா பளிச்சுன்னு தெரியும், அலைஞ்சா மங்கிடும்.”

“விடாப்பிடியா அமைதியா இருந்து காட்றேன்!”

“அங்கதான் வம்பு. முயற்சி பண்ணப் பண்ண இன்னும் மங்கும். பல்லக் கடிக்காம சும்மா உக்காருங்க. வாரத்துக்கு ரெண்டு, மொத்தம் இருபது சிட்டிங். மொத நாளே தூக்கம் வரும்னு எதிர்பாக்காதீங்க. சில நாள் தலை பாரமா இருந்தா டாக்டரம்மாகிட்ட சொல்லிடுங்க.”

கும்பிடாத குறையாக உள்ளே போனான்.

அதன்பின் ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் அவள் முடிக்கிற நேரத்துக்குத்தான் அவன் வருவான். அவன் வருவதற்குள் தலையைத் துவட்டிவிட்டு, வரவேற்பு மேசையருகே ஏதோ வேலை இருப்பதுபோல் நிற்பாள். கொஞ்சம் பேச்சு, நிறையக் கிண்டல்...

எட்டாவது சிட்டிங் அன்று முகம் வாடி வந்தான்.

“போதும் மேடம். நேத்தும் கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டுக் கெடந்தேன். நிறுத்திக்கிறேன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

“இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாருங்க...”

“நீங்க இங்க வேல பாக்குறவங்க. வேற என்ன சொல்வீங்க?”

சுருக்கென்றது. இந்தத் தூங்காத கண்களோடு இவன் இன்னும் எத்தனை நாள் ஏணியில் ஏறி ஒயரைத் தொடுவான்? அவளுக்குத் தன் கௌரவம் அற்பமாகத் தெரிந்தது.

“நான் இங்க வேல பாக்கல...” கொண்டையை அவிழ்த்தாள். காதோரம் பசை வெள்ளையாய்க் காய்ந்திருந்தது. “நானும் உங்கள மாதிரிதான், நான் ஓட்டின பஸ்ல பிரேக் பிடிக்காமப் போன நாள்லேருந்து தூக்கம் போச்சு. ஒன்பதாவது சிட்டிங்ல அழுதுட்டு எழுந்து போனவ. மறுபடி வந்தேன். பதினாலுக்கு அப்புறம்தான் விடியற வரைக்கும் தூங்கினேன். எல்லாருக்கும் கேக்குமான்னு தெரியாது, எனக்குக் கேட்டுச்சு. இன்னைக்கு எனக்குக் கடைசி. அடுத்த வாரம் பஸ் எடுக்கறேன்.”

“அப்போ... இத்தன நாளா பொய்யா?”

“ஆமா.”

அவன் விருட்டென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அவள் கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. ஜன்னலில் மழை வழிய, நாற்பது நிமிடம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலையெல்லாம் பசையோடு வெளியே வந்தான்.

“கோவமா?”

“போகும்போது கோவம்தான். படம் இருட்டாவே ஓடுச்சு. அப்புறம் யோசிச்சேன்... உங்க பயத்த மறைச்சுக்கிட்டு என் பயத்தப் போக்கியிருக்கீங்க. ரொம்ப நன்றிங்க.”

அவன் பேச்சில் ‘மேடம்’ காணாமல் போயிருந்தது. நன்றி மட்டும்தானா என்று அவள் மனசு ஏங்கியது.

“வெள்ளிக்கிழமை நீங்க தனியாத்தான் வரணும்...”

“தனியா வரமாட்டேன்.”

“மறுபடியும் நிறுத்தப் போறீங்களா?”

“உங்ககூட வரேன்னு சொல்றேன். நாலாவது சிட்டிங்லேருந்தே நான் தூக்கத்துக்காக வரலைங்க... உங்களுக்காகத்தான் வந்தேன்.”

அவள் கண்கள் நிறைந்தன.

“நான் நல்லாத் தூங்கி எழுந்த அன்னைக்கு, மொதல்ல உங்ககிட்டதான் சொல்லணும்னு தோணுச்சு. சொல்ல முடியாமத் தவிச்சேன்... உங்கள எனக்கு அவ்வளவு பிடிக்கும்.”