ஒரு தட்டு

வண்டி களத்து வாசலைத் தாண்டும்போதுதான் முதல் தட்டு கேட்டது.

பின்பலகையில் விரல் முட்டியால் தட்டுகிற சத்தம், ஒன்றே ஒன்று. லாரியில் ஏறி இறங்கிய எவனுக்கும் அந்தப் பாஷை தெரியும். இரண்டு தட்டினால் போகலாம், ஒன்று தட்டினால் நில். நெல்லையப்பனின் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. அப்புறம்தான் பின்னால் தட்டுவதற்கு ஆளே இல்லை என்பது உறைத்தது. தார்ப்பாயின் கீழே சீர்த் தாம்பாளங்களும் வாழைத்தார்களும் ஒரு பித்தளை அண்டாவும்தான் இருந்தன. சொந்தக்காரர்கள் எல்லாரும் முதல் பஸ்ஸிலேயே குற்றாலம் போய்விட்டார்கள்.

"என்னலே, காலைத் தூக்குத?" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாய்மாமன் சுடலைக்கண்ணு.

"தட்டுத சத்தம் கேக்கலியா மாமா?"

"அண்டா உருளுது. மொத மொத வெளிய எடுக்குத வண்டி, புறப்பட்டுட்டு நிக்கக் கூடாது. இது நின்னா நிச்சயமும் நின்னுபோவும், பாத்துக்கோ."

நெல்லையப்பன் காலை எடுத்துவிட்டான். மாமாவுக்காக எடுத்ததாகத்தான் நினைத்துக்கொண்டான். நிறுத்தாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்ததில் அவனுக்குள் ஒரு நிம்மதி பரவியதே, அதை அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த லாரி அவன் அப்பா யுத்தத்துக்கு முன்னால் வாங்கியது. சுந்தரபாண்டியபுரத்திலிருந்து நெல்லும் வாழையும் ஏற்றித் தென்காசிக்கு ஓடிய வண்டி. பெட்ரோல் கிடைக்காத காலத்தில் பின்னால் ஒரு கரி உலையைக் கட்டி, கரிப்புகையிலேயே ஓட்டினார்கள். உலைக்குக் கரி அள்ளிப் போட்டுக்கொண்டு, பின்பலகையில் நின்று தட்டுக் கொடுத்தவன் கிளீனர் இசக்கி. ஒரு சாரல் நாளில் அந்தப் புகையே நெஞ்சில் ஏறி, ஓடுகிற வண்டியிலேயே சுருண்டு செத்துப்போனான். அன்றைக்குக் களத்து வைக்கோல் கொட்டகைக்குள் வண்டியை விட்டு உலையைக் கழற்றிப் போட்ட அப்பா, அப்புறம் சாகிற வரைக்கும் அதைத் தொடவில்லை. சீட்டில் கோழி அடைகாத்தது. எலி ஒயரைத் தின்றது. ஊர் அதை மறந்தது.

மறுபடி அதைக் கிளப்ப வைத்தது வீம்புதான். தங்கச்சி உலகம்மைக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் கூடிவந்து கலைந்துவிட்டது. மூன்றாவதாக வந்த குற்றாலத்து மாப்பிள்ளை வீட்டார், "பெரிய பண்ணைன்னாங்க, ஒரு வண்டிகூடக் கிடையாதாமே" என்று சிரித்ததாகத் தரகர் வந்து சொன்னார். இதுவும் கைநழுவினால் அவள் வீட்டோடுதான். அந்தச் சிரிப்பு நெல்லையப்பனைத் தூங்கவிடவில்லை. நிச்சயத்துக்குச் சீரைச் சொந்த லாரியில் கொண்டுபோய் இறக்குகிறேன் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டான். கௌரவம் பார்த்துக் கெட்டவர்கள் எந்த ஊரில்தான் இல்லை?

தென்காசியிலிருந்து மெக்கானிக் ஹபீபுல்லா வந்து, துருவைச் சுரண்டி, பழைய சாமான்களைத் தேடிப் பிடித்துப் போட்டு, செத்த எஞ்சினை இருமவைத்தார். முன்னால் செருகிச் சுழற்றுகிற இரும்புக் கைப்பிடி மட்டும் எங்கே தேடியும் அகப்படவில்லை. இன்று காலை அதுவும் வந்து சேர்ந்தது. இசக்கியின் பெண்டாட்டி குருவம்மாள் சாரலில் நனைந்தபடி, துணியில் சுற்றி, பிள்ளையைப் போல அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"எங்க வீட்டுக்காரவுக தலைமாட்டுல வச்சிருந்தது, சின்னையா. வண்டி கிளம்புதுன்னாவ. ஒரு தடவை சத்தத்தைக் கேட்டுட்டுப் போயிருதேன்."

அவன் கைப்பிடியை வாங்கிக்கொண்டான். வாங்கிய பிறகுதான் வெள்ளைச் சேலை கண்ணில் பட்டது. வண்டிக்கு முன்னால் ஆரத்தித் தட்டோடு அக்கம்பக்கத்துப் பெண்கள் நின்றார்கள். மாமா தொண்டையைச் செருமினார். அவன் அம்மா மூக்கம்மாளும் தாலியறுத்தவள்தான். ஆனால் அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, காலையிலேயே அடுக்களைக்குள் போய்விட்டாள்.

"குருவம்மா," என்றான், கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே. "வண்டி வெளிய போற வரைக்கும் கொஞ்சம் பின்னால போயி நில்லேன். உள்ள, வைக்கப்போர் பக்கமா. யாரு கண்ணுலயும் படாம."

 அவள், "முன்னால நின்னாத்தான தோஷம், சின்னையா. பின்னால நிக்கேன்" என்று சொல்லி, லாரிக்கும் மண்சுவருக்கும் நடுவே இருட்டுக்குள் ஒதுங்கிப் போனாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஹபீபுல்லா கைப்பிடியைச் செருகிவிட்டுக் குரல் கொடுத்தார். "அண்ணாச்சி, கியர் நியூட்ரல்லதான இருக்கு? கம்பி தேஞ்சுகிடக்கு, தானா ரிவர்ஸ்ல விழுந்துரும். கையை வச்சுப் பாத்துக்கிடுங்க."

"இருக்கு" என்றான். பார்க்கவில்லை. காது மடல் எரிந்துகொண்டிருந்தது.

எஞ்சின் பிடித்த அதே நொடியில் வண்டி பின்பக்கமாக ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. மெத்தென்று எதிலோ போய் மோதியது. மேலேயிருந்து வைக்கோல் சரசரவென்று சரிந்தது. கிளச்சை மிதித்துக் கியரை மாற்றினான். முன்னால் நின்ற பெண்கள் குலவையிட்டார்கள். அந்தக் குலவையில் வேறெந்தச் சத்தமும் கேட்டிருக்க முடியாது.

"பின்னால என்ன அண்ணாச்சி?" என்று ஹபீபுல்லா கத்தினார்.

"வைக்கோல்" என்றான் நெல்லையப்பன்.

ஆரத்தியை முன்சக்கரத்தடியில் ஊற்றினார்கள். வண்டி வெளியே வந்தது.

இரண்டாவது தட்டு ஊர் எல்லையில் கேட்டது. அண்டா உருண்டால் இப்படிக் கேட்காது. இது எலும்பு மரத்தில் படுகிற சத்தம். வானம் தாழ்ந்து, காலை வெயிலே இல்லாமல் ரோடு முழுக்கச் சாம்பல் நிறத்தில் கிடந்தது. புளியமரங்களிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஈரமண் வாசனைக்கு நடுவே கரி புகைகிற வாசனை மூக்கில் ஏறியது. உலையைக் கழற்றிப் போட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. ஜன்னலைத் திறந்தான். வாசனை போகவில்லை, சாரல்தான் உள்ளே வந்தது.

கொட்டகைக்குப் பின்னால் ஒரு சின்ன வாசல் உண்டு. அது வழியாகப் போயிருப்பாள். வண்டி உறுமினதுமே போயிருப்பாள். அவளுக்கு இந்த வண்டியின் குணம் தெரியாதா என்ன? இப்படி நினைத்து நினைத்து அவன் மனத்தை ஆற்றிக்கொண்டே வந்தான். தென்காசி நெருங்கி, கோயிலின் மொட்டைக் கோபுரம் சாரலுக்குள்ளிருந்து கறுப்பாக எழும்பி வந்தபோது, அது ஞாபகத்துக்கு வந்தது. ஆடு நுழைகிறதென்று அந்த வாசலுக்கு வெளியே குறுக்குக் கட்டை கொடுத்தது அவனேதான்.

டொக்.

"மாமா, நான் ஒரு எட்டு வீட்டுக்குப் போயிட்டு வந்துருதேன்."

"கிறுக்கு பிடிச்சிருக்கா? எதுக்கு?"

எதுக்கு. ஒரு வாக்கியம் போதும். குருவம்மாளைப் பின்னால் ஒளித்து வைத்தேன், அப்புறம் வண்டி பின்னால் பாய்ந்தது. மாமாவின் முகம் மாறும். மாப்பிள்ளை வீட்டுக்குச் செய்தி போகும். கைப்பிடியை வாங்கிக்கொண்டு அவளைத் துரத்தினானாம் என்று ஊர் பேசும். அவளுக்கு என்ன ஆயிற்றோ என்கிற பயத்தைவிட, அதை எப்படிச் சொல்வது என்கிற பயம்தான் பெரிதாக இருக்கிறது என்று அவனுக்கே புரிந்தது. புரிந்ததும் தன்மேலேயே அருவருப்பு வந்தது.  வண்டியை மட்டும் திருப்பவில்லை.

"ஒண்ணுமில்ல" என்றான்.

சிற்றாற்றுப் பாலத்தில் ஒன்று. மேலகரத்தில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. தட்டுகிற கை களைத்துப் போவது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது.

குற்றாலத்தில் மாப்பிள்ளை வீட்டார் தெருவுக்கே வந்து நின்றார்கள். லாரியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ரேடியேட்டரைத் தட்டிக் கொடுத்து, "பண்ணைன்னா பண்ணைதான்" என்றார். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவன் இத்தனை பாடுபட்டான். இப்போது அதைக் காதில் வாங்காமல் தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்க்கப் போனான்.

சீரை இறக்கும்போது பின்பலகையின் ஓரத்தில் சிவப்பாக ஒரு தீற்றல் தெரிந்தது.

"ஆரத்தி தெறிச்சிருக்கு" என்றார் மாமா.

ஆரத்தியை ஊற்றியது முன்சக்கரத்தில். நெல்லையப்பன் தோளில் கிடந்த நேரியலை எடுத்து அந்த இடத்தைத் துடைத்தான். துணியை மடித்து மடியில் செருகிக்கொண்டான்.

அருவி அடித்துக் கொட்டிக்கொண்டிருந்தது. பேசுவதே காதில் விழாத அளவுக்கு இரைச்சல் அந்த வீட்டுக்குள் நிறைந்திருந்தது. தாம்பூலம் மாற்றினார்கள். சம்பந்தி கை கொடுத்தார். அந்த இரைச்சலை மீறி, அவன் சாய்ந்திருந்த சுவரில் கேட்டது.

டொக்.

அப்படியானால் சத்தம் லாரியில் இல்லை. லாரியில் இருந்ததே இல்லை.

பந்தியில் இலை போட்டார்கள். பாயசம் ஊற்றினார்கள். குனிந்து உட்கார்ந்திருந்தான். தரையின் அடியில் ஒரு தட்டு. ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒன்று, மெதுவாக, நகத்தால் சுரண்டுகிற மாதிரி. அடுத்ததுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். மோர் வந்தது. வெற்றிலை வந்தது.

அடுத்தது வரவில்லை.

மற்றவர்கள் அருவியில் குளித்துவிட்டு நாளைக்கு வருவதாகச் சொன்னார்கள். சாயங்காலம் அவன் மட்டும் கிளம்பினான். வழி நெடுக ஒரு சத்தமும் இல்லை. தட்டேன், ஒரு தடவை தட்டேன் என்று வாய்விட்டே கெஞ்சினான். வைப்பர் ஓடியது. ரோடு ஓடியது.

களத்தில் வண்டியை நிறுத்தியபோது விளக்கு வைக்கிற நேரம். வீட்டு வாசலிலிருந்து அம்மா கேட்டாள். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதாய்யா?"

"முடிஞ்சுதும்மா."

"குருவம்மாளைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். கொட்டகைப் பக்கம் போனவ வரவே இல்ல. உன் கண்ணுல பட்டாளா?"

"இல்ல" என்றான்.

வண்டியில் கிடந்த அரிக்கேன் விளக்கைக் கொளுத்திக்கொண்டு கொட்டகைக்குள் போனான். லாரி நின்ற இடம் வெறுமையாக இருந்தது. அதற்குப் பின்னால் வைக்கோல் சரிந்து மண்சுவரில் சாய்ந்து கிடந்தது. அசைவு இல்லை. வெள்ளைத் துணியின் ஒரு நுனி. அதற்கு அந்தப் பக்கம் ஒரு கை, முழங்கை வரை வெளியே.

விரல்கள் மடங்கியிருந்தன. முட்டிகளில் தோல் இல்லை. அந்தக் கைக்கு எட்டுகிற இடத்தில் சுவரின் மண்பூச்சு உதிர்ந்து, ஒரு சிரட்டை அளவுக்குக் குழி விழுந்திருந்தது. குழி ஈரமாகச் சிவந்திருந்தது.

பந்தி நடந்த நேரம் வரைக்கும் தட்டியிருக்கிறாள்.

தொட்டுப் பார்த்தான். கை விறைத்து, சில்லென்று இருந்தது.

"ஏய்யா, அங்கன யாரு கூட நிக்க?" அம்மாவின் குரல். செருப்புச் சத்தம் களத்தில் இறங்கியது.

அவன் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்கமாட்டான் என்று சொல்வதற்கும் இல்லை. இரண்டு கைகளாலும் வைக்கோலை வாரி இழுத்து அந்தக் கையின் மேல் போட்டான். இன்னும் வாரினான். துணி நுனியும் மறைந்தது. விளக்கை ஊதி அணைத்தான். வெளியே வந்து கதவைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து நின்றான்.

"யாருமில்லம்மா. நீ உள்ள போ."

அவள் போகவில்லை. கையில் சிம்னி விளக்கோடு சாரலில் மெல்ல வந்துகொண்டிருந்தாள். அவளைத் தடுக்க ஓர் அடி எடுத்து வைக்கப் போனான்.

டொக்.

சுவரில் இல்லை. கதவில். அவன் முதுகுக்கு நேர் பின்னால்.

ஒரே தட்டு.

இந்தத் தடவை அவன் நின்றான்.  

அம்மா நெருங்கி வந்து விளக்கைத் தூக்கி அவன் முகத்தைப் பார்த்தாள். "ஏன்யா இப்படி நிக்க?" என்று கேட்டுவிட்டு, அவன் பார்வை போகும் இடத்துக்கு விளக்கைத் தாழ்த்தினாள். கதவின் அடியில், அவன் இரண்டு கால்களுக்கும் நடுவே, உள்ளேயிருந்து வைக்கோல் ஒவ்வொரு தாளாக வெளியே வந்துகொண்டிருந்தது.