வாசித்துப் பார்க்காமல் வாங்கிய கிட்டார்

கூரியர்காரர்களுக்கு ஒடுகத்தூரோடு உலகம் முடிந்துவிடும். அதற்கு மேல் மலை ஏற மாட்டார்கள். அதனால் ஹெப்சியின் கிட்டார், ஷேர் ஜீப்பின் கூரையில் சிமென்ட் மூட்டைக்கும் கோழிக் கூண்டுக்கும் நடுவே படுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை மதியம் நெல்லிவாசல்நாட்டுக்கு வந்து சேர்ந்தது.

ஜீப் ஓட்டும் சடையன் பெட்டியை வாசல்வரை தூக்கி வந்து வைத்தார்.

"உள்ள போன் கீன் எதுனா இருக்குதா டீச்சர்?"

"இல்லையே. ஏன்?"

"வழி பூரா யாரோ மெல்லமா பேசினு வந்தாப்ல இருந்துச்சி. கோழி ஒண்ணுகூட சத்தமே போடல." தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

ஹெப்சிக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. அன்று அவளுக்கு இரட்டைக் கொண்டாட்டம். மலைப் பள்ளியில் மூன்று வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவளுக்குக் கீழே இடமாற்றம் கிடைத்திருந்தது. காலையில்தான் விடுவிப்பு ஆணையைக் கையில் வாங்கினாள். புருஷன் டேனி ஒடுகத்தூரில் பைக் மெக்கானிக். கல்யாணமான நாளிலிருந்து சனி, ஞாயிறு மட்டும் குடும்பம் நடத்தியவர்கள் அவர்கள். ஐந்து மணிக்கு அவன் மினி வேனோடு வந்துவிடுவான். சாமான்களை ஏற்றிக்கொண்டு இறங்கினால், பிறகு எல்லா நாளும் ஒரே வீடு, ஒரே சமையல்.

ஒடுகத்தூர் சர்ச்சில் லீட் கிட்டார் அவள்தான். பல வருடமாகக் கடன் வாங்கிய கிட்டாரில் வாசித்தவள், கனவில் மட்டுமே கண்ட ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரை ஆன்லைனில் பார்த்துவிட்டாள். செகண்ட் ஹேண்ட். போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தே போன் சூடாகிப்போனது. டேனி ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"வாசிச்சுப் பாக்காம யாருனா கிட்டார் வாங்குவாங்களா ஹெப்சி?"

"நீ மட்டும் என்னை என்ன வாசிச்சுப் பாத்தா கட்டினே?" என்று அவன் வாயை அடைத்துவிட்டாள்.

இரண்டு மணி நேரம் பொறுத்திருந்தால் அந்தப் பெட்டியைக் கீழே கொண்டுபோய்ப் பிரித்திருக்கலாம். ஆனால் பொறுமைக்கும் ஹெப்சிக்கும் ஆகவே ஆகாது. கட்டி வைத்த மூட்டையை அவிழ்த்து, கிட்டார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் பழைய ஆம்ப் பெட்டியை வெளியே இழுத்து, ஒயரைச் சொருகினாள். ஆம்பின் சிவப்பு விளக்கு எரிந்தது. கிட்டாரை எடுத்து மடியில் வைத்தாள். ரத்தச் சிவப்பில் பளபளத்தது. பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் வருமே, அப்படி ஒரு புழுங்கல் வாடை அதிலிருந்து வந்தது.

ஹெப்சியின் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புது மிக்சி வாங்கினாலும் அதன் தலையில் கைவைத்து ஜெபம் செய்துவிட்டுத்தான் சட்னி அரைப்பார்கள். அந்தப் பழக்கத்தில் கம்பிகள்மேல் கைவைத்துக் கண்ணை மூடினாள்.

"நீர் இதுல வந்து தங்கும். என்னை விட்டு விலகாதிரும். நானும் உம்மை விட்டு எங்கயும் போக மாட்டேன். ஆமென்."

"ஆமென்."

இரண்டாவது ஆமென் ஆம்பிலிருந்து வந்தது.

ஹெப்சி கண்ணைத் திறந்தாள். ஆம்பையும் கிட்டாரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. கம்பிகளுக்குக் கீழே உள்ள பிக்கப் பழசாகிவிட்டால் இப்படித்தான். கம்பியின் அதிர்வை மட்டும் எடுக்க வேண்டியது, பக்கத்தில் பேசுகிற பேச்சையும் பிடித்து ஆம்புக்கு அனுப்பிவிடும். சோதிக்கலாமென்று குனிந்து, "ஹலோ" என்றாள்.

"ஹலோ" என்றது ஆம்ப்.

அவள் குரல்தான். நிம்மதியாக இருந்தது. ஏமாந்துவிட்டோமே, டேனி கேலி செய்தே கொல்வானே என்று வருத்தமும் வந்தது. வாயை மூடிக்கொண்டு கிட்டாரையே பார்த்தாள்.

"நல்லா ஜெபம் பண்றீங்க" என்றது ஆம்ப்.

அது அவள் குரல் இல்லை. மெல்லிய, மரியாதையான பெண் குரல்.

கிட்டாரைக் கட்டிலில் போட்டுவிட்டு ஹெப்சி வாசலுக்கு ஓடினாள்.

கதவு திறந்தேதான் இருந்தது. எதிரே சாமை காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மங்கம்மாள் கால்களால் அதைத் தள்ளிக் கிளறிக்கொண்டிருந்தாள். இருபது அடி தூரம்கூட இல்லை. ஒரு காலைத் தூக்கி நிலைப்படிக்கு அப்பால் வைத்தால் போதும்.

கால் எழவில்லை.

வலி இல்லை, மரத்தும் போகவில்லை. உள்ளே பின்னால் நடக்க முடிந்தது. பக்கவாட்டில் நகர முடிந்தது. நிலைப்படியைத் தாண்டத்தான் கால் மறுத்தது. இரு கைகளாலும் தொடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். ஆட்டுக்கல்லைத் தூக்குகிற மாதிரி இருந்தது.

"மங்கம்மாக்கா! அக்கா, இங்க வாங்க! காப்பாத்துங்க!"

அவள் வாய் அசைந்தது. சத்தம் முதுகுக்குப் பின்னால், ஆம்பிலிருந்து கரகரவென்று வந்தது.

மங்கம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் நிற்கிற டீச்சரைப் பார்த்து, வாய் நிறையச் சிரித்தாள்.

"புதுப் பொட்டியா டீச்சர்? நல்லாத்தான் கத்துது!" என்று சொல்லிவிட்டு, மூடுபனி இறங்குவதைப் பார்த்துச் சாமையை அவசரமாக வாரத் தொடங்கினாள்.

ஹெப்சிக்கு அழுகை வந்தது. பட்டப்பகலில், திறந்த கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு சிறைப்பட்டிருப்பதை யாரிடம் சொல்வது? போனை எடுத்தாள். டவர் இல்லை. டவர் வேண்டுமானால் பள்ளிக்குப் பின்னால் உள்ள பாறைக்குப் போக வேண்டும். அதற்கு நிலைப்படியைத் தாண்ட வேண்டும்.

பனி வாசலை மூடியது. மங்கம்மாள் கதவைச் சாத்துகிற ஓசை கேட்டது.

"யாரு நீ?" என்றாள். கேள்வி ஆம்பிலிருந்துதான் வந்தது.

"இதுக்குள்ள இருந்தவங்க" என்றது அந்தக் குரல். இப்போது அது ஆம்பிலிருந்து வரவில்லை. அவள் காதுக்குள்ளேயே, மிக அருகில் கேட்டது. "ரொம்ப நாளா காத்துனு இருக்கேங்க. போக மாட்டேன்னு யாராவது வாயால சொல்லணும். நீங்க சொன்னீங்க."

"நான் உன்கிட்ட சொல்லல. ஆண்டவர்கிட்ட சொன்னேன்."

"கேட்டது நான்தானேங்க."

அவள் இடது கை தானாக எழுந்தது. கால்கள் நடந்துபோய் அவளைக் கட்டிலில் உட்காரவைத்தன. உட்கார வேண்டுமென்று அவள் நினைக்கவில்லை. கிட்டார் மடிக்கு வந்தது. விரல்கள் அவளுக்குத் தெரியாத ஒரு மெட்டை வாசிக்க ஆரம்பித்தன. எவ்வளவு அழகாக வாசித்தன! அந்த அழகுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. தன் கைகளை யாரோ வாசித்துப் பார்க்கிறார்கள், கடையில் புதுப் பொருளைச் சோதித்துப் பார்க்கிற மாதிரி.

முதலில் விரல் நுனிகள் அவளுடையவையாக இல்லாமல் போயின. பிறகு தோள்கள். பிறகு கண்கள்.

அவள் கடைசியாகப் பார்த்தது ஆம்பின் சிவப்பு விளக்கை.

அப்புறம் இருட்டு. குளிர்ந்த, குறுகலான இருட்டு. முழங்காலை மடக்கி உட்கார்ந்தால் தலை இடிக்கிற அளவுதான் இடம். வெளியே நடப்பது மட்டும் காதில் விழுந்தது.

நெடுநேரம் கழித்து வேன் வந்து நின்றது. எந்த வண்டியின் கதவையும் அவன் எப்போதும் இரண்டு முறை அறைந்துதான் சாத்துவான். இரண்டு முறை சாத்துகிற சத்தம் கேட்டது.

டேனி!

"இன்னாடி, இருட்டுல உக்காந்துனு இருக்க? சாமான் கட்டிட்டியா? ஒரு சந்தோஷமான விஷயம் சொல்றேன் கேளு. சர்ச்சுக்குப் பின்னாடி வூடு பாத்துட்டேன். மாடி வூடு. சாயங்காலத்துல நீ உக்காந்து வாசிக்க பால்கனி இருக்கு."

ஹெப்சி உயிரைக் கொடுத்துக் கத்தினாள். "டேனி, நான் இங்க இருக்கேன்! அது நான் இல்ல!"

ஆம்ப் அலறத் தொடங்கியது. உடனே கிட்டாரின் வால்யூம் குமிழ் திருகப்படுகிற கிரீச் சத்தம். அவள் அலறல் சுருங்கி, கொசு ரீங்காரமாகிப் போனது.

"நல்ல வூடாங்க?" என்று கேட்டது அவள் தொண்டை, அவள் குரலில்.

டேனி சிரித்தான். "இன்னாடி புதுசா மரியாதை எல்லாம் தூள் பறக்குது? பால்கனின்னதும் மயங்கிட்டியா?"

"இனிமே ஒண்ணா இருக்கப் போறோம் இல்லீங்களா. அதான்."

கட்டில் கிரீச்சிட்டது. டேனி பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டான். எவ்வளவு அருகில்! அவன் மூச்சு கம்பிகளில் பட்டு அவளுக்கு முதுகு சிலிர்த்தது. மூன்று வருடமாக அவள் ஏங்கிய அருகாமை அது.

"டேனி. டேனி. டேனி."

"ஏய், இரு. இதுக்குள்ள யாரோ கூப்பிடறாப்ல இல்ல?"

கேட்டுவிட்டது! ஹெப்சி இன்னும் பலமாகக் கத்தினாள். அவன் காதைக் கிட்டாரோடு ஒட்டி வைக்கிற உரசல் கேட்டது. அவன் மூச்சை நிறுத்தி உற்றுக் கேட்டான்.

"பிக்கப் போயிடுச்சிங்க" என்றது அவள் குரல், வருத்தமாக. "பேசறதெல்லாம் பிடிச்சிக்குனு திருப்பி விடுது. நீங்க சொன்னதைக் கேக்காம வாங்கிட்டேன்."

டேனி பெருமூச்சு விட்டான். "வுடு. அழாத. திருப்பி அனுப்பிடலாம். நாளைக்கே கூரியர்ல போட்டுடறேன். நீ முதல்ல வண்டியில ஏறு, பனி இறங்குது."

"டேனி, வேணாம்! சுவிட்சை அணைக்காதே! டேனி!"

சுவிட்ச் டிக்கென்றது.

அதன்பிறகு அவள் எவ்வளவு கத்தியும் அவளுக்கே கேட்கவில்லை. கிட்டாரைப் பெட்டியில் வைத்தார்கள். தெர்மாக்கோல் நெரிந்தது. டேப்பைப் பர்ரென்று இழுத்து நாலு பக்கமும் ஒட்டினான் டேனி. மெக்கானிக் இல்லையா, எதைச் செய்தாலும் கெட்டியாகத்தான் செய்வான். வாசல் பக்கம் அவளுடைய செருப்புச் சத்தம், தயங்காமல் நிலைப்படியைத் தாண்டிப் போனது.

வேன் கிளம்பியது. பெட்டி பின்பக்கம் ஆடிக்கொண்டு இறங்கியது. முன்சீட்டில் டேனி ஏதோ சொல்ல, அவளுடைய சிரிப்பு கேட்டது. அவளுக்கே பிடித்த, வாய்விட்ட சிரிப்பு. கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. மூன்று வருடமாகக் காத்திருந்த பயணம் இதுதான் என்று நினைத்தபோது, அழக்கூடக் கண்கள் இல்லையென்று அவளுக்குப் புரிந்தது.

அப்போதுதான் தோளில் ஏதோ இடித்தது.

இருட்டில் யாரோ மூச்சு விட்டார்கள். பிறகு இன்னொருவர். அதற்கும் பின்னால் இன்னொருவர்.

"கொஞ்சம் தள்ளி உக்காரும்மா" என்றது ஒரு கிழட்டு ஆண் குரல், சலிப்பாக. "உனக்கு முன்னாடி இங்க ஒம்போது பேரு இருக்கோம்."