எரியோடு பஸ்ஸில் நாலு புள்ளி

"ஐயோ... போச்சே!"

பிரியாணிக் கடையே திரும்பிப் பார்த்தது.

கை கழுவிவிட்டு வந்த ஹவில்தார் பொம்மையன் திகைத்து நின்றார். இலை இருந்தது. எலும்பு இருந்தது. பக்கத்தில் வைத்திருந்த ராணுவ டேப்லெட்... இல்லை!

குஜிலியம்பாறைப் பொட்டலில் பயிற்சிக்கு வந்த படை அது. யார் எங்கே நிற்கிறார்கள் என்பது எல்லோர் கையிலும் ஒரே மேப்பாகத் தெரியும். ஆளுக்கொரு நீலப் புள்ளி. பக்கத்தில் பதவியும் பெயரும்.

இப்போது திருடன் கையிலும் தெரியும்!

கேப்டன் தமிழ்மதி மூன்று சிப்பாய்களோடு ஜீப்பில் வந்து குதித்தாள்.

"அவன் எங்க இருக்கான்னு நம்ம மேப்ல காட்டலையா?"

"இல்ல மேடம். இருக்குற எடத்த அனுப்புறத மட்டும் ஆஃப் பண்ணிப்புட்டான் பாவி! நாம கிட்டக்கப் போனா நழுவிருவான்."

"மேலிடத்துல சொல்லி மொத்தத்தையும் நிறுத்தலாம். ஆனா..."

"ஆனா?"

"சாயங்காலமே உங்க யூனிபார்மக் கழட்டிருவாங்க."

பொம்மையன் சட்டைப் பட்டனைக் கையால் பொத்திக்கொண்டார்.

தமிழ்மதி திடீரென்று சிரித்தாள்.

"அவன் நல்லாப் பாக்கட்டும்! எங்க நாலு டேப்லெட்டையும் பையில போட்டு எரியோடு பஸ்ல ஏத்துங்க. அவன் ஊரவிட்டு ஓட ரயிலேறத்தான் வருவான், நாம ஸ்டேஷன்ல காத்திருப்போம். எங்க, திருப்பிச் சொல்லுங்க!"

படையில் அது வழக்கம். கேட்டவர் திருப்பிச் சொன்னால்தான் உத்தரவு போய்ச் சேர்ந்ததாக அர்த்தம்.

"நாலும் எரியோடு பஸ்ல போகும். படையே அங்க போகுதுன்னு நெனச்சு, தைரியமா ரயிலேற வருவான். ஸ்டேஷன்ல மடக்குறோம்! கண்டக்டர் பழனிக்குமார் எங்க ஊருக்காரன்தான் மேடம், பையப் பாத்துக்குவான்."

பஸ் கிளம்பியது.

ஸ்டேஷனில் தூணுக்குப் பின்னால் காத்திருந்தார்கள். ஒரு ரயில் போனது. இன்னொன்றும் போனது. ஒரு பயலும் வரவில்லை.

"திட்டம் ஊத்திக்கிச்சா மேடம்?" சட்டைப் பட்டனைத் தடவியபடி கேட்டார் பொம்மையன்.

போன் அலறியது. பழனிக்குமார்!

"அண்ணே! பஸ்ஸுல ஒருத்தன் கூத்தடிக்கிறான்ணே! மடியில ஏதோ மிஷினப் பாத்தான். மூஞ்சி வெளிறிப்போச்சு. 'நாலு பேரும் இங்கனதான் இருக்கீகளா'ன்னு கத்துறான். பூக்கூடை அங்காளம்மாள் கால்ல விழுந்து, 'கேப்டன் மேடம், சுட்டுறாதீக'ங்குறான்! அந்தக்கா செருப்பக் கழட்டுது!"

தமிழ்மதிக்குப் புரிந்துவிட்டது. திருடனும் அதே பஸ்ஸில்தான் ஏறியிருக்கிறான்! சுற்றி நான்கு புள்ளிகளைப் பார்த்ததும்... பயணிகளை மஃப்டி படை என்று நினைத்துவிட்டான்!

பொம்மையன் போனிலேயே அழுதார்.

"அப்பு... என் மானத்தக் காப்பாத்திட்ட! சரண்டரானவன விட்டுறாத!"

"எங்கிட்டு விடுறது? சரண்டரெல்லாம் அப்புறம்ணே... பய இன்னும் டிக்கெட்டே எடுக்கல!"